நீதிபதி நடந்தார், ரோடு நின்றது!

ஆற்றங்கரையில் 297 கிலோ மீட்டர் நிழல் பாதை பிழைத்த கதை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பொழுது விடிந்தால் போதும். ஒரு கூட்டம் ஆற்றங்கரையில் ஓடத் தொடங்கிவிடும்.

யாரும் துரத்தவில்லை. பஸ்சைப் பிடிக்கவும் ஓடவில்லை. உடம்புக்காக ஓடுகிற கூட்டம்.

தொந்தி வைத்த ஆபீசர் ஓடுகிறார். கல்லூரி மாணவி ஓடுகிறாள். கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஒரு தாய் ஓடுகிறாள். எழுபது வயதுக் கிழவர் ஒருவர் அவர்களை எல்லாம் தாண்டிப் போகிறார்.

ஒரு பக்கம் போட்டோமாக் ஆறு. மறுபக்கம் பழைய காலத்துக் கால்வாய். இரண்டுக்கும் நடுவே 12 அடி அகலத்தில் ஒரு மண் பாதை. தலைக்கு மேலே மரக்கிளைகள் பந்தல் போட்டது போல் கூடி நிற்கின்றன. மேடு கிடையாது. சிக்னல் கிடையாது. ஹாரன் சத்தம் கிடையாது.

பாதை ஜார்ஜ்டவுன் என்ற இடத்தில் தொடங்குகிறது. (பாரிமுனை ஜார்ஜ்டவுன் அல்ல, வாஷிங்டனிலும் அதே பெயரில் ஒரு பேட்டை இருக்கிறது.) மேரிலாந்து மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள கம்பர்லாந்து என்ற ஊரில் முடிகிறது.

மொத்தம் 184.5 மைல். அதாவது 297 கிலோ மீட்டர். சென்னையில் கிளம்பினால் பெரம்பலூரைத் தாண்டிவிடலாம்!

இந்தப் பாதையில் இன்று கார் ஓடிக்கொண்டிருக்க வேண்டியது. பிளான் போட்டாகிவிட்டது. பெரிய பத்திரிகையும் ஆதரித்துத் தலையங்கம் எழுதிவிட்டது. குறுக்கே வந்து நின்றார் ஒரு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி.

தீர்ப்பு எழுதி அல்ல. நடந்து!

கோவேறு கழுதை உபயம்

அந்தக் கதைக்கு முன்னால் ஒரு கேள்வி. 297 கிலோ மீட்டருக்கு மேடு பள்ளம் இல்லாமல் ஒரு பாதை எப்படி வந்தது? மலைப்பாங்கான பிரதேசம் ஆயிற்றே?

ஓடுகிறவர்களுக்காக யாரும் அதைப் போடவில்லை. கோவேறு கழுதைகளுக்காகப் போட்டார்கள்.

செசபீக்-ஓகையோ கால்வாய் என்பது அதன் முழுப்பெயர். மலையில் வெட்டிய நிலக்கரியைப் படகில் ஏற்றி வாஷிங்டனுக்குக் கொண்டு வருவதற்காக ஓடிய கால்வாய். ஒரு படகில் 120 டன் சரக்கு. படகுக்கு என்ஜின் கிடையாது. பாய் கிடையாது. கரையில் கோவேறு கழுதைகள் நடக்கும். அவற்றின் கழுத்துப் பட்டையில் இருந்து நீளமான கயிறு படகுக்குப் போகும். கழுதை இழுக்கும், படகு நகரும்.

பாரத்தை இழுக்கிற மிருகத்தை மேட்டில் ஏற்ற முடியாது. கால்வாய்த் தண்ணீர் மட்டமாக இருக்கிறது. அதன் கரையும் அதே மட்டத்தில் போடப்பட்டது. அவ்வளவுதான் ரகசியம்.

ஜார்ஜ்டவுனுக்கும் கம்பர்லாந்துக்கும் உயர வித்தியாசம் 605 அடி. அண்ணாசாலை எல்.ஐ.சி. கட்டிடத்தைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அந்த 605 அடியை 74 மதகுகளாகப் பிரித்துப் போட்டார்கள். படகு மதகுத் தொட்டிக்குள் வரும். கதவைச் சாத்தி தண்ணீர் விட்டால் படகு சுமார் 8 அடி மேலே எழும். பிறகு அடுத்த மதகு வரை மட்டமான பயணம்.

இன்றைக்கு ஓடுகிறவருக்கும் அதே கணக்குதான். மதகு வந்தால் இருபது முப்பது எட்டில் ஒரு சின்ன ஏற்றம். ஏறிவிட்டால் அடுத்த மதகு வரை பலகை போல் இருக்கும். மொத்த தூரத்துக்கும் சராசரி போட்டால் கிலோ மீட்டருக்கு 2 அடிதான் ஏற்றம். வீட்டு வாசல்படியே அதைவிட உயரம்!

கழுதையை ஓட்டிக்கொண்டு நடந்தவர்கள் பெரும்பாலும் படகுக்காரரின் பிள்ளைகள். குடும்பமே படகில்தான் குடித்தனம் நடத்தும். ஒரு ஜோடி கழுதை இழுக்கும்போது இன்னொரு ஜோடி படகின் முன்பக்கத்து லாயத்தில் ஓய்வெடுக்கும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஷிப்டு மாறும். கழுதைக்கு ஷிப்டு இருந்தது. கூட நடந்த பிள்ளைக்கு இருந்ததா என்பது வேறு விஷயம். கம்பர்லாந்தில் இருந்து வாஷிங்டன் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

இன்று காசு கொடுத்து வாங்கிய ஷூவோடு ஆசைக்கு ஓடுகிற பாதையில், அன்று பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் கழுதைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஒரே நாளில் இரண்டு பூஜை

கால்வாய்க்கு பூமி பூஜை நடந்தது 1828-ம் ஆண்டு ஜூலை 4-ந்தேதி. அமெரிக்க சுதந்திர தினம். மண்வெட்டி எடுத்தவர் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ்.

வெட்டினார். மண்வெட்டி வேரில் பட்டு நின்றது. மறுபடி வெட்டினார். நகரவில்லை. ஜனாதிபதி கோட்டைக் கழற்றினார். சட்டையோடு நின்று ஓங்கி வெட்டி மண்ணை அள்ளினார். கூடியிருந்த கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆனால் சகுனம் பார்க்கிறவர் யாராவது அங்கே இருந்திருந்தால் அப்போதே தலையை ஆட்டியிருப்பார்.

ஏனென்றால், அதே நாள், பக்கத்து ஊரான பால்டிமோரில் இன்னொரு பூஜை நடந்துகொண்டிருந்தது. பால்டிமோர்-ஓகையோ ரெயில்பாதைக்கு அடிக்கல்! அதை நாட்டியவர் 90 வயது சார்லஸ் கரோல். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்த ஒரே மனிதர்.

இரண்டும் ஒரே திசையில் மேற்கு நோக்கிக் கிளம்பின. ரெயில் 1842-ல் கம்பர்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டது. கால்வாய் தட்டுத் தடுமாறி 1850-ல் வந்து சேர்ந்தது. 8 வருஷம் லேட்டு!

ஓகையோ நதி வரை போவதாகத் திட்டம். பெயரிலேயே ஓகையோ இருக்கிறது. கம்பர்லாந்தோடு நின்றுபோய்விட்டது. ஓகையோவை அது பார்க்கவே இல்லை.

அப்படியும் விடவில்லை. 1870-களில் 500-க்கும் மேற்பட்ட படகுகள் ஓடின. நிலக்கரி, மாவு, கல் என்று சரக்கு போனது. எதிரி ரெயில் மட்டும் அல்ல. பக்கத்திலேயே ஓடிய ஆறும்தான். 1889-ல் வந்த வெள்ளம் கால்வாயை நார் நாராகக் கிழித்தது. கம்பெனி திவால். கடைசியில் அதைத் தன் கைக்குள் கொண்டு வந்தது யார் தெரியுமா? போட்டி போட்ட அதே ரெயில்வே கம்பெனி!

1924-ல் இன்னொரு வெள்ளம். அதோடு படகுப் போக்குவரத்து நின்றது.

நிழல் வந்த விதம்

கழுதை நடந்த காலத்தில் இந்தக் கரையில் இத்தனை நிழல் கிடையாது. கயிறு சிக்கிக்கொள்ளும் என்பதால் ஆற்றோரக் கரையில் மரம் வளர விடமாட்டார்கள். பழைய போட்டோக்களைப் பார்த்தால் வெட்டவெளியாக இருக்கும்.

1924-க்குப் பிறகு கேட்பார் இல்லை. கால்வாய் வறண்டது. கரையெல்லாம் மரம் முளைத்தது. கால்வாயின் வயிற்றுக்குள்ளேயே மரம் முளைத்தது. சிக்கமோர் மரம் வெள்ளைத் தோல் உரித்துக்கொண்டு ஆகாயத்தைத் தொட்டது. வெள்ளி மேப்பிள் வந்தது. பாவ்பாவ் என்று ஒரு பழமரம். நம் ஊர் சீத்தாப்பழத்துக்கு உறவுக்காரச் சாதி. அதுவும் புதர் புதராக அடைத்துக்கொண்டது.

ஆக, பாதை மட்டமாக இருப்பது கழுதையால். நிழலாக இருப்பது கால்வாய் நஷ்டத்தில் மூழ்கியதால். லாபத்தில் ஓடியிருந்தால் இன்றைய ஓட்டக்காரர் வெயிலில் காய்ந்திருப்பார்!

1938-ல் அரசாங்கம் அந்தக் கால்வாயை ரெயில்வேயிடம் இருந்து 20 லட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கியது. வேலை இல்லாத் திண்டாட்ட காலம் அது. வேலையற்ற வாலிபர்களுக்கு முகாம் போட்டு வேலை கொடுத்தார்கள். இங்கே வந்தவர்கள் கறுப்பின வாலிபர்கள். நிறபேதம் தலைவிரித்தாடிய நாட்கள். வெள்ளையருக்குத் தனி முகாம், கறுப்பருக்குத் தனி முகாம். அந்தக் கறுப்பு வாலிபர்கள் ஜார்ஜ்டவுனில் இருந்து 22 மைல் தூரத்தைத் துப்புரவு செய்து, கரையைக் கட்டி, மதகுகளைப் பழுது பார்த்தார்கள். இன்று நகரவாசிகள் அதிகமாக ஓடுகிற பகுதி அதுதான். அவர்களுடைய பெயரைச் சொல்ல ஆள் குறைவு.

1942-ல் வெள்ளம் வந்து அவர்கள் செய்த வேலையைப் பெருமளவு பாழாக்கியது என்பது கூடுதல் சோகம்.

"ரோடு போடு!"

யுத்தம் முடிந்தது. வீட்டுக்கு வீடு கார் வந்தது. ஆற்றங்கரை ஓரமாகக் கார் ரோடு போட்டால் ஜனங்கள் காரில் உட்கார்ந்தபடியே இயற்கை அழகைப் பார்க்கலாமே என்று அதிகாரிகள் யோசித்தார்கள். 1950-ல் திட்டம் தயார். கால்வாயின் மேலேயும் கரையோரமாகவும் கம்பர்லாந்து வரை ரோடு.

"வாஷிங்டன் போஸ்ட்" பத்திரிகை 1954 ஜனவரி 3-ந்தேதி இதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது.

அதைப் படித்துக் கொதித்துப் போனவர் வில்லியம் டக்ளஸ். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி. அப்போது வயது 55. சிறு வயதில் நோய் வந்து கால் மெலிந்து போனவர். காலுக்குப் பலம் ஏற்றுவதற்காக மலை ஏறிப் பழகியவர். தன் வாழ்க்கையைப் பற்றி அவரே அப்படி எழுதியிருக்கிறார். கோர்ட்டு இல்லாத நாட்களில் அவரை இந்தக் கரையில்தான் பார்க்கலாம். நீண்ட எட்டு வைத்து விறுவிறு என்று நடப்பார்.

அவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். ஜனவரி 19-ந்தேதி வெளியானது. "நீங்கள் தப்பு" என்று சண்டை பிடிக்கவில்லை. என்னோடு வந்து 185 மைலும் நடந்து பாருங்கள், நடந்து முடித்தால் நீங்களே எங்கள் கட்சிக்கு வந்துவிடுவீர்கள் என்ற பாணியில் ஒரு அழைப்பு! தலைநகரத்தின் பின்வாசலில் கார் சத்தம் எட்டாத இடம் ஒன்று இருக்கட்டும் என்பது அவர் வாதம்.

சவாலைப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. பெரிய மனசுதான். எழுதியது எழுதியதுதான் என்று ஏர்கண்டிஷன் அறையில் உட்கார்ந்திருக்கலாம். தலையங்கப் பகுதியைச் சேர்ந்த இரண்டு பேர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

1954 மார்ச் 20. கம்பர்லாந்து. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நடையைத் தொடங்கினார்கள். விஞ்ஞானிகள், பறவை பார்ப்பவர்கள், மலையேற்றக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று கலவையான கூட்டம். குளிர். சில இடங்களில் பாதையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புதர்.

ஒரு நாளைக்கு சராசரி 23 மைல். கோர்ட்டில் வாய்தா வாங்கலாம்; இந்த நீதிபதியிடம் வாய்தா கிடையாது! முதல் நாளே பலருக்குக் காலில் கொப்பளம். பாதியில் சிலர் கழன்றுகொண்டார்கள். செய்தி பரவியது. வழியில் உள்ள ஊர்களில் ஜனங்கள் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். நாடு முழுவதும் பத்திரிகைகளில் படம் வந்தது.

8-வது நாள், மார்ச் 27-ந்தேதி, வாஷிங்டன் வந்து சேர்ந்தார்கள். முழு தூரத்தையும் காலால் அளந்து முடித்தவர்கள் 9 பேர்தான். அதில் நீதிபதி டக்ளசும் ஒருவர்.

"வாஷிங்டன் போஸ்ட்" கருத்தை மாற்றிக்கொண்டு எழுதியது. ஒரு பத்திரிகை, தான் எழுதிய தலையங்கத்தை, நடந்து பார்த்துவிட்டு மாற்றியது!

ஆனால் டக்ளஸ் அத்தோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. பயணம் முடிந்த கையோடு ஒரு கமிட்டி அமைத்தார். அதுதான் பிறகு கால்வாய்ச் சங்கமாக மாறியது. மகஜர் கொடுத்தார்கள். மந்திரிகளைப் பார்த்தார்கள். காங்கிரஸ் உறுப்பினர்களை விடாமல் நச்சரித்தார்கள். ரோடு திட்டம் சில வருஷங்களில் கைவிடப்பட்டது.

முழுவதும் ஜெயித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வாஷிங்டனை ஒட்டிய சில மைல்களுக்குக் கால்வாய் ஓரமாகவே ஒரு கார் ரோடு வந்தது. இன்று அதற்கு கிளாரா பார்ட்டன் பெயர். அந்தப் பகுதியில் ஓடுகிறவர்களுக்கு இலைகளின் சலசலப்போடு டயர் சத்தமும் இலவசம்.

கையெழுத்துப் போட்ட நிக்சன்

1961 ஜனவரி 18-ந்தேதி ஜனாதிபதி ஐசனோவர் கால்வாயின் ஒரு பகுதியைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். பதவியை விட்டுப் போக இரண்டே நாள் இருந்தபோது! முழுக் கால்வாயும் தேசியப் பூங்கா ஆனது 1971-ல். அந்த ஜனவரி 8-ந்தேதி சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜனாதிபதி நிக்சன். 20 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பூங்காவுக்கு ஒதுக்க அனுமதி கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. பாதையின் பூஜ்யம் எண் மைல் கல் இருக்கிற இடம், வாட்டர்கேட் கட்டிடத்துக்குக் கல்லெறி தூரம். ஆமாம், அதே வாட்டர்கேட்! 1972 ஜூன் 17-ந்தேதி எதிர்க்கட்சி ஆபீசுக்குள் ஆட்கள் புகுந்து பிடிபட்டார்களே, நிக்சனின் நாற்காலியையே கவிழ்த்ததே, அந்தக் கட்டிடம்.

அந்த வாரமே "ஆக்னஸ்" புயல் வெள்ளம் போட்டோமாக் ஆற்றில் வந்தது. பூங்காவாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. கரை உடைந்தது. பாதை பல இடங்களில் காணாமல் போனது. நிக்சனுக்கும் அவர் கையெழுத்துப் போட்ட பாதைக்கும் ஒரே வாரத்தில் கெட்ட காலம் பிறந்தது.

நிக்சன் 1974-ல் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். பாதையை மறுபடியும் கட்டிவிட்டார்கள். 1996-ல் ஜனவரியில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று ஒரே வருஷத்தில் இரண்டு வெள்ளம். திரும்பவும் சரளை கொட்டி, கரை எழுப்பி, விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தினார்கள். தொண்டர்கள் சம்பளம் இல்லாமல் வந்து கை கொடுத்தார்கள். இந்தப் பாதையை ஒருமுறை கட்டினால் போதாது. ஆறு அழிக்க அழிக்கக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

1977-ல் பூங்காவை நீதிபதி டக்ளசுக்கு அர்ப்பணம் செய்தார்கள். ஜார்ஜ்டவுனில் அவருக்கு மார்பளவு சிலை இருக்கிறது. 36 வருஷம் சுப்ரீம் கோர்ட்டில் இருந்தவர் அவர். இதுவரை அந்த ரிக்கார்டை யாரும் முறியடிக்கவில்லை. 1980-ல் காலமானார்.

ஆபீஸ் ஷூவில் 50 மைல்

டக்ளஸ் நடந்தபோது இங்கே "ஜாகிங்" கிடையாது. பெரியவர்கள் சும்மா ஓடினால் போலீசார் நிறுத்தி விசாரித்த காலம். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்சியாளர் 1962-ம் ஆண்டு வாக்கில் நடுத்தர வயதுக்காரர்களை எல்லாம் மெல்ல மெல்ல ஓட வைத்தார். அதை நேரில் பார்த்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் ஊருக்குத் திரும்பிப் புத்தகம் எழுதினார். அதன் பிறகுதான் பைத்தியம் பிடித்தது போல் அமெரிக்கா ஓடியது.

ஆனால் இந்தக் கரைக்கு அதற்கு முன்பே ஒரு பிரபலம் வந்துவிட்டார்.

50 மைலை 20 மணி நேரத்தில் நடக்க வேண்டும் என்று ராணுவ அதிகாரிகளுக்கு தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில் ஒரு உத்தரவு இருந்தது. ஜனாதிபதி கென்னடி அதைத் தூசு தட்டி எடுத்தார். இப்போதுள்ளவர்களால் முடியுமா என்று கேட்டார். நாடு முழுவதும் 50 மைல் ஜுரம் பரவியது.

ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி சும்மா இருப்பாரா? அப்போது அவர் அட்டர்னி ஜெனரல். 1963 பிப்ரவரி 9-ந்தேதி விடியற்காலை, கிரேட் பால்ஸ் என்ற இடத்தில் இந்தப் பாதையில் இறங்கினார். உறைபனிக் குளிர். பாதையெல்லாம் பனிக்கட்டி. காலில் என்ன தெரியுமா? ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற தோல் ஷூ!

கூட வந்த உதவியாளர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி ஆள் 35-வது மைலில் முடியாது என்று கைவிரித்தார். "நீ அதிர்ஷ்டக்காரன். உன் அண்ணன் ஜனாதிபதி இல்லை" என்று அவர் காதில் ராபர்ட் கென்னடி முணுமுணுத்ததாகச் சொல்வார்கள். ராபர்ட் மட்டும் போய்ச் சேர்ந்தார். 17 மணி 50 நிமிடம்!

அந்த ஜுரத்தில் பிறந்த ஒரு பந்தயம் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. "ஜே.எப்.கே. 50 மைல்" என்று பெயர். 1963-ல் முதல் பந்தயத்தில் கிளம்பியவர்கள் 11 பேர். முடித்தவர்கள் 4 பேர். இப்போது நவம்பர் மாதம் நடக்கும் பந்தயத்துக்கு ஆயிரம் பேர் அளவில் வருகிறார்கள். முதலில் மலைப்பாதை. கல்லும் வேரும் காலை வாரும். பிறகு கால்வாய்க் கரை 26.3 மைல். அதாவது ஒரு முழு மாரத்தானும் கொஞ்சம் கொசுறும்! கடைசியில் தார் ரோடு.

அனுபவம் உள்ளவர்களைக் கேட்டால், மலையைவிட இந்த மட்டமான கரைக்குத்தான் பயப்படுவார்கள்.

அது ஏன்?

மட்டம் என்றால் சுலபம் என்று நினைப்பது சரிதான், 3 மைலுக்கு. மூட்டுக்குச் சுகம். மூச்சு வாங்காது. கால் பார்த்து வைக்க வேண்டிய கவலை குறைவு. புதிதாக ஓடத் தொடங்குகிறவருக்கும் ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வந்தவருக்கும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கல் நட்டிருப்பதால் கணக்கும் சுலபம்.

தூரம் கூடினால் சமாசாரம் வேறு. மேடு பள்ளத்தில் ஏறும்போது ஒரு தசை வேலை செய்யும். இறங்கும்போது அது கொஞ்சம் ஓய்வெடுக்கும். மட்டத்தில் அந்த மாற்றம் கிடையாது. ஒரே எட்டு. ஒரே தசை. ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை. பாதையும் வளைவில்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் நீளும். நடப்பதற்கு ஒரு ஏற்றம் கூட சாக்காகக் கிடைக்காது!

கழுதைக்கு 6 மணி நேரம்தான் ஷிப்டு வைத்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆற்றில் இறங்காதே!

ஜார்ஜ்டவுனில் இருந்து 14 மைல் ஓடினால் கிரேட் பால்ஸ். கடற்கரை ரெயில் நிலையத்தில் இருந்து ஏறக்குறைய பல்லாவரம் வரை போகிற தூரம். அங்கே போட்டோமாக் ஆறு ஒரு மைலுக்குள் 76 அடி கீழே விழுகிறது. பாறையில் மோதி வெள்ளை வெள்ளையாகப் பொங்கும் தண்ணீரைப் பார்க்கக் கூட்டம் கூடும்.

ஓடி வியர்த்த உடம்புக்கு ஆற்றில் ஒரு முழுக்குப் போட ஆசை வரும். போடக்கூடாது! மேலே பார்த்தால் சாது. உள்ளே இழுப்பும் சுழலும். பாறையில் நின்று கால் வழுக்கி உயிரை விட்டவர்கள் பலர். இந்தப் பகுதியில் நீந்தத் தடை. முழங்கால் தண்ணீரில் இறங்கவும் தடை. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டும் இறங்குகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

பாறை ஓரங்களில் விரியன் சாதி விஷப்பாம்பும் உண்டு. பாதையின் நடுவில் ஓடுகிறவருக்குத் தொல்லை இல்லை. குறுக்கு வழி தேடிப் பாறையில் ஏறுகிறவர் காலையும் கையையும் பார்த்து வைக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் சேறு ஷூவைப் பிடித்து இழுக்கும். இலையுதிர் காலத்தில் காய்ந்த இலை வேரை மூடி மறைக்கும். தடுக்கி விழுவது அப்போதுதான். ஆறு பெருகினால் பாதையில் சில பகுதிகளை மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆண்டுக்கு 40 லட்சம் பேரை ஒட்டி இந்தப் பூங்காவுக்கு வருகிறார்கள். ஓட்டக்காரர் மட்டும் அல்ல. நடப்பவர், மீன் பிடிப்பவர், நாரையையும் ஆமையையும் படம் எடுப்பவர் எல்லோருக்கும் இதுதான் பாதை. கம்பர்லாந்தில் இருந்து பிட்ஸ்பர்க் வரை இன்னொரு பாதையும் இணைந்துவிட்டதால் நெடுந்தூர சைக்கிள்காரர்களும் அதிகம். ராத்திரி தங்க வழியில் கூடாரம் போடும் இடங்கள் உண்டு. தண்ணீருக்குக் கைப்பம்பு உண்டு. குளிர்காலத்தில் பம்பின் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். பழைய மதகுக் காவலர் வீடுகளில் சிலவற்றை வாடகைக்கும் விடுகிறார்கள்.

கிரேட் பால்ஸ் வாசலில் கட்டணம் வாங்குகிறார்கள். மற்றபடி ஓடுவதற்குக் காசு கிடையாது.

பூஜ்யம் எண் மைல் கல்லைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், ராக் கிரீக் ஓடை ஆற்றில் விழுகிற முகத்தில், படகுக் கொட்டகைக்குப் பின்னால் தேட வேண்டும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்; 297 கிலோ மீட்டர் பாதைக்கு அவ்வளவு அடக்கமான வாசல்.

சைக்கிள்காரர் 15 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. மணி அடித்துவிட்டுத்தான் முந்த வேண்டும். நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் குதிரைக்கும் அவர் ஒதுங்கி வழி விட வேண்டும் என்று பூங்கா விதி சொல்கிறது. அந்தப் பட்டியலில் இன்னொரு பெயரும் இருக்கிறது: கோவேறு கழுதை.